பிள்ளை செய்ததை எழுதுவது: ஒரு சைல்ட்மைண்டரின் குறிப்பேட்டிலிருந்து

2011ஆம் ஆண்டு, நான் சைல்ட்மைண்டராக, அதாவது பிறர் பிள்ளைகளை என் வீட்டில் வைத்துப் பராமரிப்பவராக, வேலை தொடங்கிய முதல் இலையுதிர்காலம். சமையலறைத் தரையில் ஒரு பிளாஸ்டிக் தட்டத்தில் கொஞ்சம் தண்ணீரும் நாலைந்து கோப்பைகளும் வைத்திருந்தேன். 19 மாதப் பெண் பிள்ளை ஒருத்தி அங்கே விளையாடிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் கதிரையில் அமர்ந்து, குறிப்பேட்டை மடியில் வைத்து எழுதிக்கொண்டிருந்தேன். "தண்ணீரை ஒரு கோப்பையிலிருந்து மற்றதற்கு ஊற்றுகிறாள். கையும் கண்ணும் நன்கு ஒத்துழைக்கின்றன. பாராட்டத்தக்க முன்னேற்றம்." அடுத்த வரியைத் தொடங்கும்போது குறிப்பேட்டின் மேல் ஈரமாக ஏதோ வந்து அமர்ந்தது. அவள் ஒரு கோப்பையை நிறைத்து, சிந்தாமல் என்னிடம் நடந்து வந்து, நீட்டிக்கொண்டு நின்றிருக்கிறாள். நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. காத்திருந்து பார்த்துவிட்டு, நான் எதைப் பார்த்துக்கொண்டிருந்தேனோ அதன் மேலேயே கோப்பையை வைத்துவிட்டாள். எனக்குத் தேநீர் கொண்டுவந்திருந்தாள்.

மை கரைந்து அந்தப் பக்கம் வீணானது. அந்த ஒரு நிமிடத்தில் அவள் செய்தவற்றைப் பாருங்கள். தண்ணீரைத் தேநீராகப் பாவித்தாள். இன்னொருவருக்கு அது வேண்டியிருக்கும் என்று நினைத்தாள். நிறைந்த கோப்பையைச் சிந்தாமல் கொண்டுவந்தாள். பதிலுக்குக் காத்திருந்தாள். பதில் வராதபோது வேறு வழி கண்டுபிடித்தாள். அன்று முழுவதும் அந்த வீட்டில் நடந்தவற்றில் இதைவிடப் பெரியது எதுவும் இல்லை. என் குறிப்பில் அது இல்லை.

நான் இருப்பது வடமேற்கு லண்டனில், ஹரோ பகுதியில். இங்கிலாந்தில் சைல்ட்மைண்டராகத் தனியாக வேலை செய்பவர் ஒரே நேரத்தில் எட்டு வயதுக்கு உட்பட்ட ஆறு பிள்ளைகள் வரை பார்க்கலாம். அவர்களில் பாலர் வயதினர் மூன்று பேருக்கு மேல் பொதுவாக இருக்கக் கூடாது, ஒரு வயது நிரம்பாத குழந்தை ஒன்று மட்டுமே. உடன் வேறு ஆள் இல்லை. ஒருத்திக்கு அணையாடை மாற்றும்போது இன்னொருவன் கதிரையில் ஏறுவான். இந்த நிலையில்தான் ஒவ்வொரு பிள்ளையின் வளர்ச்சியையும் அவதானித்து எழுத வேண்டும்.

நான் தொடங்கிய காலத்தில், சிறு பிள்ளைகளைப் பராமரிப்போருக்கு அரசு வகுத்த ஆரம்பப் பருவக் கல்விச் சட்டகத்தில் ஆறு துறைகளும் 69 இலக்குகளும் இருந்தன. அவை ஐந்து வயதை ஒட்டி எட்டவேண்டியவை. கைக்குழந்தைகளுக்கானவை அல்ல. ஆனால் புதிதாக வந்த எனக்கு அந்தப் பட்டியலைக் கண்டதும் பயம் பிடித்துக்கொண்டது. பள்ளிகளையும் பிள்ளைப் பராமரிப்பையும் பரிசோதிக்கும் அரசு அமைப்பான ஒஃப்ஸ்ரெட்டின் அதிகாரி வந்தால் ஒவ்வொரு கட்டத்திற்கும் சான்று காட்ட வேண்டும் என்று நானாகவே எண்ணிக்கொண்டேன். வாரத்திற்கு நாற்பது குறிப்புகள், படங்கள், ஒட்டுவதற்குப் பசை, இரவு பதினொரு மணிவரை கோப்பு வேலை. 2012 செப்டம்பரில் துறைகள் ஏழாகவும் இலக்குகள் 17 ஆகவும் மாறின. அதற்குப் பிறகும் நான் குறைக்கவில்லை. பழக்கம் அப்படி.

என்னை மாற்றியது ஒரு பரிசோதனை நாள். வந்த அதிகாரி கோப்புகளை இரண்டு நிமிடம் புரட்டிவிட்டு மூடினார். தரையில் விளையாடிக்கொண்டிருந்த ஒரு பையனைக் காட்டி, இவனுக்கு இப்போது என்ன செய்ய வருகிறது, அடுத்து அவனுக்காக என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டார். நான் கண்ணால் பார்த்து மனதில் வைத்திருந்தவற்றைச் சொன்னேன். கோப்பில் இருந்த எந்தத் தொடரும் அப்போது எனக்கு உதவவில்லை. 2021 செப்டம்பரில் வந்த சட்டகம் இதை எழுத்திலேயே சொல்லிவிட்டது: மதிப்பீடு என்ற பெயரில் பிள்ளைகளோடு பழகும் நேரம் நீண்டு தடைப்படக் கூடாது, அளவுக்கு மீறிய எழுத்து வேலையும் தேவையில்லை. இதை இன்னும் நம்பாமல் பயந்து பயந்து எழுதும் சகோதரிகளை நான் அறிவேன். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

இப்போது ஒரு பிள்ளைக்கு வாரத்தில் இரண்டு குறிப்பு எழுதினால் அதிகம். சில வாரங்களில் ஒன்றுமே இராது. ஏப்ரன் பையில் ஒரு சிறிய பென்சில், ஒட்டுத்தாள் கட்டு. ஏதாவது நடக்கும்போது எழுத மாட்டேன், முழுவதையும் பார்ப்பேன். முடிந்தபின் நாலு சொல் மட்டும் கிறுக்கிக் குளிர்சாதனப்பெட்டிக் கதவில் ஒட்டுவேன். "கோப்பை, தேநீர், காத்திருந்தாள், மடி" என்ற அளவில். மதியம் எல்லோரும் உறங்கும்போது அந்த நாலு சொல்லை நாலு வரியாக்குவேன். அன்றைக்கே ஆக்கிவிட வேண்டும். மறுநாளைக்கு வைத்தால் பிள்ளை செய்தது மங்கி, அதைப் பற்றிய நம் அபிப்பிராயம் மட்டும் எஞ்சிவிடும்.

எந்தக் குறிப்பிலும் திகதியும் பிள்ளையின் வயது மாதக் கணக்கிலும் இருக்க வேண்டும். இரண்டு வயது என்றால் 24 மாதமும் அதுதான், 35 மாதமும் அதுதான். இடையில் ஒரு யுகமே இருக்கிறது.

ஒருவர் எழுதும் குறிப்பில் எனக்கு முதலில் கண்ணில் படுவது, அவர் செயலை எழுதியிருக்கிறாரா, தீர்ப்பை எழுதியிருக்கிறாரா என்பதுதான். "இன்று நன்றாக விளையாடினான்", "பகிர்ந்துகொள்ள மறுத்தான்", "கவனம் குறைவு", "கெட்டிக்காரி". இவை எல்லாம் தீர்ப்புகள். இவற்றைப் படித்து நாளைக்கு நான் எதையும் செய்ய முடியாது. இந்தப் பாடத்தை எனக்குக் கற்பித்தவன் 22 மாதப் பையன் ஒருவன்.

அவன் வந்த முதல் இரண்டு வாரம் நான் எழுதியவை இப்படி இருந்தன: "மற்றப் பிள்ளைகளின் பொருட்களைப் பறிக்கிறான். எடுத்து ஒளித்து வைக்கிறான். பகிரத் தெரியவில்லை." தாய் மாலையில் வந்து கேட்கும்போது இதையேதான் சற்று இனிப்பாகச் சொன்னேன். அவர் முகம் வாடிப்போனது. மூன்றாவது வாரம், தீர்ப்புச் சொல் ஒன்றும் இல்லாமல், கண்டதை மட்டும் எழுதிப் பார்ப்பது என்று முடிவுசெய்தேன். திங்கள்: "உடுப்புக் கிளிப் பதினொன்றைக் கைப்பையில் போட்டான். கூடத்தைத் தாண்டிச் சோபாவுக்குப் பின்னால் கொட்டினான். திரும்பி வந்து மரக்கட்டைகளைப் போட்டான். அங்கேயே கொட்டினான்." புதன்: "உருளைக்கிழங்கு. அதே பை, அதே இடம்." வியாழன்: "தங்கச்சிப்பிள்ளை வைத்திருந்த பந்தை எடுத்தான். பையில் போட்டான். சோபாவுக்குப் பின்னால் வைத்தான். அதோடு விளையாடவில்லை, உடனே அடுத்ததைத் தேடினான்."

மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிப் பார்த்தபோதுதான் புரிந்தது. அவனுக்குப் பந்து வேண்டியிருக்கவில்லை. ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்திற்குக் கொண்டுபோவதுதான் அவனுடைய வேலையாக இருந்தது. பிள்ளைகள் ஒரே விதமான செயலைப் பல பொருட்களோடு திரும்பத் திரும்பச் செய்து உலகத்தைப் புரிந்துகொள்வதை ஆங்கிலத்தில் ஸ்கீமா என்கிறார்கள். சுவிட்சர்லாந்து உளவியலாளர் பியாஜே தன் சொந்தப் பிள்ளைகளை உற்றுப் பார்த்து எழுதியதில் வேர்கொண்ட எண்ணம் இது. 1970களில் கிறிஸ் ஏதி என்பவர் இங்கிலாந்தில் பாலர் பருவப் பிள்ளைகளை நெடுநாள் அவதானித்து இதை விரித்தார். கொண்டுசெல்வது, சுற்றுவது, மூடி மறைப்பது, மேலிருந்து கீழே விடுவது என்று வகைகள் உண்டு. வகுப்பில் படித்திருந்தேன். ஆனால் "பறிக்கிறான்" என்ற என் சொல் அதைக் கண்ணிலிருந்து மறைத்துவிட்டது.

மறுநாளிலிருந்து அவனுக்கு உத்தியோகம் கொடுத்தேன். கடையிலிருந்து வந்த வெங்காயத்தைப் பையிலிருந்து கூடைக்கு, ஈர உடுப்பை இயந்திரத்திலிருந்து வாளிக்கு, தோட்டத்தில் கல்லை ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்கு. அவனுக்கென்று ஒரு சிறு தள்ளுவண்டி. பறிப்பது அடியோடு நின்றது என்று சொல்ல மாட்டேன், ஆனால் மிகவும் குறைந்தது. தாயிடமும் அந்த மூன்று குறிப்புகளை வாசித்துக் காட்டினேன். "அக்கா, வீட்டில் என் திறப்புக் கோர்வை காணாமல் போவது இதனால்தானா?" என்று கேட்டார். அவர் என் வீட்டு வாசலில் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பல ஆண்டுகள் நான் ஆங்கிலத்திலேயே சிந்தித்து ஆங்கிலத்திலேயே எழுதினேன். அப்படி எழுதும்போது பயிற்சி வகுப்பில் கற்ற தொடர்கள்தான் கைக்கு வந்தன. எந்தப் பிள்ளைக்கும் பொருந்தும் தொடர்கள். ஒருநாள் அவசரத்தில் ஒட்டுத்தாளில் தமிழில் கிறுக்கினேன்: "தவழவில்லை. இருந்தபடியே அரக்கி அரக்கி வந்து, மேசைக்காலைப் பிடித்து எம்பினாள்." படித்துப் பார்த்தபோது அந்தப் பிள்ளையே கண்ணுக்கு முன்னால் வந்தாள். தவழ்வது, அரக்குவது, எம்புவது, தத்துவது, தளர்நடை. இத்தனை வினைச்சொற்கள் என்னிடம் இருக்க, நான் ஏன் இரவல் தொடர்களோடு மாரடித்தேன்? அன்றுமுதல் குறிப்பு தமிழில்தான். கோப்புக்குப் போகும்போது எளிய ஆங்கிலத்தில் எழுதிக்கொள்வேன்.

நம்மவர்களுக்கு இது புதிதும் அல்ல. பிள்ளைத்தமிழின் பருவங்களை நினைத்துப் பாருங்கள். ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, இரு கையும் நிலத்தில் ஊன்றித் தலை நிமிர்ந்து ஆடும் செங்கீரை ஐந்தாம் மாதம். கைகொட்டும் சப்பாணி ஒன்பதாம் மாதம். நடந்து வரும் வாரானை பதின்மூன்றாம் மாதம். தரையில் குழந்தையோடு குனிந்து அமர்ந்து பார்த்த யாரோதான் அந்தச் செங்கீரையை அப்படி வகுத்திருக்க முடியும். மாதக் கணக்கு ஒரு வழிகாட்டி மட்டும்தான், அன்றும் இன்றும். பதினைந்து மாதத்திலும் நடக்காமல் அரக்கித் திரிந்த மேலே சொன்ன பெண், பதினேழில் எழுந்து நடந்தாள்.

இனி, நான் செய்யவிருந்த ஒரு பெரிய பிழையைச் சொல்கிறேன்.

2012 முதல், 24 மாதத்திற்கும் 36 மாதத்திற்கும் இடையில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வளர்ச்சிப் பரிசீலனை செய்து, பெற்றோருக்குச் சுருக்கமாக எழுத்தில் கொடுக்க வேண்டும். மூன்று அடிப்படைத் துறைகள்: பேச்சும் மொழியும், உடல் வளர்ச்சி, தன் உணர்வும் மற்றவரோடு பழகுவதும். வீட்டில் தமிழ் மட்டும் பேசும் 27 மாதப் பெண் பிள்ளைக்கு அதை எழுத அமர்ந்தேன். என்னோடு இருந்த மற்றப் பிள்ளைகள் ஆங்கிலம் பேசியதால் நானும் பகலில் பெரும்பாலும் ஆங்கிலம்தான். அவளிடமிருந்து நான் கேட்டு எண்ணியவை எட்டுச் சொற்கள். இரண்டை இணைத்துப் பேசியதே இல்லை. "பேச்சு எதிர்பார்த்த அளவில் இல்லை" என்று எழுதிவிட்டுத் தாயிடம் கொடுக்கும் முன் வாய்வார்த்தையாகச் சொன்னேன். அவர் திகைத்துப்போனார். "இவளா? வீட்டில் வாய் ஓயாது அக்கா."

ஒரு வாரத்திற்கு, பிள்ளை சொல்வதை அப்படியே, திருத்தாமல், எழுதித் தரும்படி கேட்டேன். ஒரு கடித உறையின் பின்பக்கம் நிறைய எழுதிக் கொண்டுவந்தார். அதில் ஒன்று: "அப்பாவுக்குத் தரமாட்டேன்." இன்னொன்று: "அம்மம்மா வீட்டுப் பூனை எங்கே?"

அந்த முதல் வாக்கியத்தை நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். தமிழில் இரண்டே சொல். ஆங்கிலத்தில் அதைச் சொல்ல ஆறு சொல் வேண்டும். யாருக்கு, யார், என்ன செய்யமாட்டார் என்பதெல்லாம் நம் சொற்களின் வாலிலேயே இருக்கிறது. "எத்தனை சொல்லை இணைக்கிறாள்" என்று ஆங்கிலக் கணக்கில் எண்ணினால் தமிழ்ப் பிள்ளையின் அறிவில் பாதி கணக்கில் வராது. அதனால் வீட்டுமொழிக் குறிப்பில் சொல்லின் எண்ணிக்கையை விட, பிள்ளை சொன்ன வாக்கியத்தை அப்படியே எழுதி, அது எந்தச் சூழலில் சொல்லப்பட்டது என்பதையும் சேர்ப்பதே நேர்மை. சட்டகமும் இதைத்தான் கேட்கிறது: ஆங்கிலம் இன்னும் பிடிபடாத பிள்ளையிடம் பேச்சில் தாமதம் இருக்கிறதா என்று முடிவுசெய்யுமுன், வீட்டுமொழியில் அந்தப் பிள்ளைக்கு என்ன வருகிறது என்று பெற்றோரோடு சேர்ந்து ஆராய வேண்டும். நான் தமிழச்சியாக இருந்தும் அதை மறந்தேன். போலந்து மொழியோ குஜராத்தியோ பேசும் பிள்ளைக்கு அந்த மறதியை யார் பிடித்துக் கொடுப்பார்கள்? அன்றிலிருந்து எந்த மொழிக் குடும்பமானாலும் பரிசீலனைக்கு ஒரு மாதம் முன்பே தாய் தகப்பனிடம் அந்தக் "கடித உறையை" கேட்டு வாங்கிவிடுகிறேன். அவளோடு பகலிலும் தமிழில் பேசத் தொடங்கினேன். மற்றப் பிள்ளைகளும் "தா", "வா", "இங்கே" என்று சொல்லத் தொடங்கினார்கள்.

ஆனால் இதே பாடம் எதிர்ப்புறமும் வெட்டும். "இரண்டு மொழி வீடு, பிந்தித்தான் பேசும்" என்று சொல்லி எல்லாவற்றையும் தள்ளிப்போடும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. 23 மாதப் பையன் ஒருவன். சில நாள் கூப்பிட்டதும் ஓடி வருவான், சில நாள் பக்கத்தில் நின்று கூப்பிட்டாலும் திரும்பமாட்டான். "பிடிவாதம்" என்று எழுதியிருக்கலாம். நேரத்தோடு எழுதினேன். "செவ்வாய் 10.20. பின்னாலிருந்து மூன்று முறை பெயர் சொன்னேன், திரும்பவில்லை. முன்னால் போய்க் குனிந்து சொன்னேன், சிரித்தான்." "வெள்ளி 2.15. அப்பம் வேண்டுமா என்று தமிழில் கேட்டேன், பதில் இல்லை. தட்டைக் காட்டினேன், கை நீட்டினான். மூக்கு ஒழுகுகிறது." ஐந்து வாரத்தில் பதினொரு குறிப்பு. திரும்பாத நாட்களில் பெரும்பாலானவை தடிமன் பிடித்த நாட்கள்.

மாலையில் அவனை அழைத்துப்போக அப்பம்மாதான் வருவார். எடுத்ததும் அவர் முகம் இறுகியது. "பிள்ளை, எங்கள் குடும்பத்தில் ஆண்கள் பிந்தித்தான் பேசுவார்கள். இவன் தகப்பன் மூன்று வயதில்தான் வாய் திறந்தான்." நான் மறுத்துப் பேசவில்லை. "நீங்கள் சொல்வது சரியாகவும் இருக்கலாம் அம்மா. நான் கண்டதை மட்டும் வாசிக்கிறேன், கேளுங்கள்" என்றேன். ஆறாவது குறிப்பில் அவர், "வீட்டிலும் தொலைக்காட்சிச் சத்தத்தைக் கூட்டச் சொல்லி அடம்பிடிக்கிறான்" என்றார். தானாகச் சொன்னார். அன்றிரவு பெற்றோருக்கும் குறிப்புகளைக் கொடுத்தேன். அவர்கள் அதையே குடும்ப வைத்தியரிடம் கொண்டுபோனார்கள். கேட்டல் பரிசோதனையில் இரண்டு காதிலும் செவிப்பறைக்குப் பின்னால் நீர் தேங்கியிருப்பது தெரிந்தது. சிறு பிள்ளைகளில் அடிக்கடி காண்பதுதான், பெரும்பாலும் தானாகவே வற்றிவிடும், மூன்று மாதம் கழித்து மீண்டும் பார்ப்போம் என்றார்கள். அந்த மூன்று மாதமும் நான் வானொலியை அணைத்து வைத்தேன். அவன் தோளைத் தொட்டு, முகத்துக்கு நேரே குனிந்துதான் பேசினேன்.

அந்தப் பதினொரு குறிப்பில் எதிலும் "காது கேட்கவில்லை" என்ற சொல் இல்லை. அதைச் சொல்லும் தகுதி எனக்கில்லை. "ஏதோ குறை" என்ற சொல்லும் இல்லை. அந்த ஒரு சொல் இருந்திருந்தால் அப்பம்மா இரண்டாவது குறிப்பைக் கேட்டிருக்க மாட்டார். சங்கடமான செய்தியைக் குடும்பத்திடம் கொண்டுபோகும்போது நான் இப்போது இதைத்தான் கடைப்பிடிக்கிறேன்: திகதி, நேரம், நடந்தது. பிறகு மௌனமாக இருந்து அவர்கள் பேசுவதைக் கேட்பது.

வேறு சில சிறு விடயங்கள். ஒரு பிள்ளையின் குறிப்பில் இன்னொரு பிள்ளையின் பெயரை எழுதாதீர்கள், "நண்பன்" போதும். அந்தத் தாள் நாளை இன்னொரு வீட்டுக்குப் போகும். படங்களைக் கைபேசியிலோ கணினியிலோ வைத்திருந்தால் தகவல் ஆணையர் அலுவலகத்தில் பதிவுசெய்து கட்டணம் கட்ட வேண்டியிருக்கும், அதை மறக்க வேண்டாம். பரிசீலனைச் சுருக்கத்தை, சிறு பிள்ளைகளின் நலத்தைக் கவனிக்கும் தாதியான ஹெல்த் விசிட்டருக்குக் காட்டுவதானால் பெற்றோரின் சம்மதத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். நான் அதை ஒரு பக்கத்துக்கு மேல் எழுதுவதில்லை. முதலில் பிள்ளைக்கு வருவது, பிறகு கவலை இருந்தால் அது, கடைசியில் நானும் வீட்டாரும் என்ன செய்யப்போகிறோம் என்பது. இந்தக் கடைசிப் பகுதி காலியாக இருந்தால் மேலே எழுதியதை நான் இன்னொரு முறை படித்துப் பார்ப்பேன். பெரும்பாலும் அங்கே தீர்ப்பு ஒன்று ஒளிந்திருக்கும்.

சென்ற மாதம், நாலு வயதை நெருங்கும் பெண் பிள்ளை ஒருத்தி குளிர்சாதனப்பெட்டிக் கதவில் இருந்த ஒட்டுத்தாளைக் காட்டி, "அன்ரி, இதில் என்ன எழுதியிருக்கிறது?" என்று கேட்டாள். அது அவளுடைய குறிப்புத்தான். வாசித்தேன். "காலை 9.40. தோட்டத்திலிருந்து ஐந்து உருளைக் கற்களைக் கொண்டுவந்து, உருளைக்கிழங்கு என்று துணியால் மூடி வைத்தாள்." அவள் தலையை ஆட்டினாள். "உருளைக்கிழங்கு இல்லை. முட்டை. சத்தம் போடாதீர்கள், குஞ்சு வரும்."

உருளைக்கிழங்கு என்று அவள் சொல்லவே இல்லை. நான்தான் அப்படி எண்ணிக்கொண்டேன். பென்சிலை எடுத்து அவள் கண்முன்னே அந்தச் சொல்லை வெட்டி "முட்டை" என்று எழுதினேன். அவள் அந்தப் புதிய சொல்லின் மேல் விரலை வைத்து, "இதுதான் முட்டையா?" என்று கேட்டாள். ஆம் என்றேன். மறுநாள் காலை அவள் வருமுன், கிழித்த காகிதம் போட்ட ஒரு கூடையைக் கற்களுக்குப் பக்கத்தில் வைத்தேன். பக்கத்தில் ஒரு பென்சிலும் வைத்தேன்.